நல்ல மூட்டை

மூணாவது மாடி. ஐம்பத்திரண்டு படி.
முதல் தடவை உட்கார்ந்தே இறங்கினேன்,
விடியற்காலை நாலு மணிக்கு,
அடிபம்பில் கை வைக்க யாரும் எழாத நேரம் பார்த்து.
கம்பி வைத்த காலை முன்னால் நீட்டி
ஒவ்வொரு படியாய்த் தேய்த்து.
கீழே வந்தபோது லுங்கி கிழிந்திருந்தது,
ஸ்டான்லி பக்கம் போகும் முதல் பஸ் போயிருந்தது.

இருபத்தாறு வருஷம் கொருக்குப்பேட்டை குடோனில்
முதுகில் ஏறியது எத்தனை டன்
என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.
நான் வைத்த கணக்கு வேறு:
யாருக்கும் நான் பாக்கி இல்லை.
பெருமாளுக்கு மட்டும் ஒரு மொட்டை,
அதுவும் இந்தப் புரட்டாசியோடு முடிந்துவிடும்.

எதிர்வீட்டு பல்கீஸ் டப்பாவில் கஞ்சி கொடுத்தனுப்பினாள்.
கழுவித் துடைத்து,
வெறும் டப்பா தரக்கூடாதென்று
சர்க்கரை போட்டுத் திருப்பினேன்.
மறுநாளும் கஞ்சி. மறுநாளும் சர்க்கரை.
நாலாம் நாள் அவளே வாசலில் வந்து நின்றாள்:
"சுகர் வந்து சாவறதுக்கா கஞ்சி ஊத்தறேன்?
டப்பாவ டப்பாவா குடு."
அன்று ராத்திரி வெறும் டப்பாவோடு
நான் கடந்த பத்தடி
அந்த ஐம்பத்திரண்டு படியைவிட நீளம்.

வியாழக்கிழமை கட்டு பிரிக்கும் நாள்.
கேரம் கிளப்பிலிருந்து நாலு பேர் வந்தார்கள்,
நான் கூப்பிடவில்லை.
டில்லிபாபு, மஸ்தான், ஏசுராஜ்,
பேர் தெரியாத ஒரு மஞ்சள் பனியன்.
கூடவே கிளப்பின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.
அதற்கும் ஒரு காலில் விரிசல்,
அதற்கும் கம்பிதான் கட்டியிருந்தது.

தூக்கினார்கள்.
ரெண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய,
கைப்பிடியை இறுக்கினேன்,
சுவரில் முழங்கை ஊன்றினேன்,
அவர்கள் பாரம் குறையட்டுமென்று
மூச்சைப் பிடித்து எழும்பி எழும்பி உட்கார்ந்தேன்.
"அண்ணே, நீ தூக்காத" என்றான் மஸ்தான்,
நெற்றி நரம்பு புடைக்க.
"நாங்க தூக்கறோம். நீ சும்மா உக்காரு."

சும்மா உட்காருவது எப்படி?
அப்புறம் ஞாபகம் வந்தது.
குடோனில் நாங்கள் திட்டுவது
கனமான மூட்டையை இல்லை.
உள்ளே சரக்கு ஓடும் மூட்டையை,
பாதி வழியில்
தன் இஷ்டத்துக்குச் சரியும் மூட்டையை.
நூறு கிலோ இருந்தாலும் முதுகில் படிந்து கிடந்தால்
அது நல்ல மூட்டை.
இறக்கி வைக்கும்போது தட்டிக்கூடக் கொடுப்போம்.

கைப்பிடியை விட்டேன்.
ஒரு கை டில்லிபாபு தோளில்,
ஒரு கை ஏசுராஜ் தோளில்.
வியர்வை. இன்னொருத்தன் வியர்வை, எனக்காக.
துடைத்துவிட வேண்டும் போலிருந்தது.
துடைக்கவில்லை.
கனத்தேன்.

கீழே குழாயடியில் குடங்கள் வரிசையாய் நின்று பார்த்தன.
மணலிப் பக்கத்துக் காற்று, அதே நாற்றம்.
பையிலிருந்து இருநூறு ரூபாய் நீட்டினேன்.
மஞ்சள் பனியன் வாங்கிக்கொண்டு போய்
ஐந்து டீ வாங்கி வந்து, மீதியை
பைசா பிசகாமல் என் சட்டைப் பையிலேயே திணித்தான்.
என் பைக்குள் கை விட்டவனை
முறைக்க முடியாமல் டீ குடித்தேன்.

அடுத்த வியாழன் அவர்கள் வரவில்லை.
எட்டரை ஆகிவிட்டது.
கீழே காயின் அடிபடும் சத்தம் மட்டும்.
மறந்திருப்பான்கள். மறக்கட்டும்.
படி இருக்கிறது, இன்னொரு லுங்கி இருக்கிறது.

வராந்தா கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்.
எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு.
மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடி
நாளைக்கு நூறு தடவை சொல்வது,
எதிரே போகிறவன் யாரென்று பார்க்காமலே.
அரிசிக்காகச் சொல்லியிருக்கிறேன்,
துவரம்பருப்புக்காக, சிமெண்டுக்காக.
தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"யாருப்பா அங்க,
ஒரு கை புடிங்க."

காயின் சத்தம் நின்றது.
"ரெட் மட்டும் போட்டுட்டு வந்துடறேண்ணா!"
மஸ்தான் குரல்.

காத்திருந்தேன்.
ரெட் அவ்வளவு சீக்கிரம் விழவில்லை.